எதிரே உட்கார்ந்திருப்பவரை வரைவது: பென்சில் முகச்சித்திரத்துக்கு ஒரு முழு வழிகாட்டி

முகம் வரையக் கற்றுக்கொள்ள ஆசைப்படுகிறவர்கள் பெரும்பாலும் போனில் இருக்கும் போட்டோவிலிருந்துதான் ஆரம்பிக்கிறார்கள். கட்டம் போட்டு, கட்டத்துக்குக் கட்டம் பார்த்து, நாலைந்து நாள் ஷேடிங் செய்து முடிக்கிறார்கள். கை பழகுவதற்கு அது உதவும்தான். ஆனால் அந்தப் படத்தில் வருவது கேமரா பார்த்த முகம். செல்ஃபி தூரத்தில் எடுத்த போட்டோவில் மூக்கு பெருத்து, காது சிறுத்துப் பின்னால் போயிருக்கும். அதையும் அப்படியே நகலெடுத்துவிட்டு, எல்லாம் சரியாக வந்தும் ஜாடை ஏன் வரவில்லை என்று குழம்புவோம்.

இங்கே நான் சொல்லப்போவது வேறு வேலை. ஒரு ஆளை எதிரே உட்காரவைத்து, ஒரே பென்சிலால், அரை மணி நேரத்துக்குள் அவர் முகத்தை வரைவது. பென்சிலுக்கென்று ஒரு பலம் உண்டு. பார்த்ததற்கும் கோடு விழுவதற்கும் நடுவே எதுவும் இல்லை. வண்ணம் குழைக்க வேண்டாம், காயக் காத்திருக்க வேண்டாம். கண் தயங்கினால் கோடும் தயங்கும், கண் தெளிந்தால் கோடும் தெளியும். அப்புறம், அரை மணி நேரம் ஒருவர் முகத்தை இவ்வளவு உற்றுப் பார்க்க நமக்கு வேறு எந்தச் சந்தர்ப்பம் கிடைக்கிறது? பெற்ற அம்மாவின் எந்தப் புருவம் கொஞ்சம் மேலே ஏறியிருக்கும் என்று கேட்டால் பலருக்குச் சொல்லத் தெரியாது.

வீட்டில் ஒருவர் இறந்தபிறகு, அவருடைய பழைய பாஸ்போர்ட் போட்டோவை எடுத்துக்கொண்டு ஓவியரிடம் போய் "பெரிசா வரைஞ்சு குடுங்க" என்று கேட்பது நம் ஊர் வழக்கம். அவர் திண்ணையில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கும்போதே வரைந்துவிடுங்கள் என்பதுதான் என் வேண்டுகோள்.

பென்சிலும் தாளும்

2பி பென்சில் ஒன்று போதும். பென்சில் குச்சி என்பது கிராஃபைட்டும் களிமண்ணும் சேர்ந்தது. இரண்டையும் பொடித்துக் கலந்து சுட்டெடுக்கும் முறைக்கு 1795-இல் பிரான்ஸில் நிக்கோலா ழாக் கோன்டே காப்புரிமை வாங்கினார். களிமண் கூடினால் குச்சி கடினமாகி, கோடு வெளிறும். அது எச் வரிசை. கிராஃபைட் கூடினால் மென்மையாகி, கறுப்பு ஏறும். அது பி வரிசை. எச்பி பென்சிலில் கறுப்பு வேண்டுமென்று அழுத்தினால் தாளில் பள்ளம்தான் விழும். 6பி, 8பி எல்லாம் சீக்கிரம் மழுங்கும், தேய்த்த இடம் வெளிச்சத்தில் பளபளக்கும். நடுவில் நிற்கும் 2பி இரண்டு வேலைக்கும் வரும். அப்சராவோ கேம்லினோ, பக்கத்துக் கடையில் கிடைப்பதை வாங்குங்கள்.

ஷார்ப்னரில் சீவினால் கூர் குட்டையாக இருக்கும். பிளேடால் மரத்தைச் சீவி, குச்சி ஒன்றரை சென்டிமீட்டர் வெளியே தெரியும்படி விடுங்கள். பிளேடின் முதுகைத் தள்ள வேண்டியது பென்சில் பிடித்திருக்கும் கையின் கட்டைவிரல். பிளேடு பிடித்த கை சும்மா திசை காட்டினால் போதும். இப்படிச் செய்தால் குச்சி உடையாது. அப்புறம் உப்புத்தாளில் பென்சிலைப் படுக்கவைத்து உருட்டித் தேய்த்தால் நீளமான கூர் கிடைக்கும். நுனியால் மெல்லிய கோடு, பக்கவாட்டால் அகலமான நிழல், இரண்டும் ஒரே பென்சிலில் வரும்.

தாள், ஏ4 அளவில் 130 ஜிஎஸ்எம்முக்கு (சதுர மீட்டருக்கு 130 கிராம் எடை) குறையாத, லேசான சொரசொரப்புள்ள கார்ட்ரிட்ஜ் தாள். வழவழப்பான சார்ட் பேப்பரில் கிராஃபைட் பிடிக்காமல் வழுக்கும். தாளைப் பரீட்சை அட்டையில் கிளிப் போட்டுக்கொள்ளுங்கள். ரப்பருக்கு, ஓவியப் பொருள் கடையில் நீடட் ரப்பர் என்று கேட்டால் தருவார்கள். பிசைந்து கூராக்கி ஒற்றி எடுக்கலாம், தாள் கிழியாது. ஆனால் அதை முதல் இருபது நிமிடம் பாக்கெட்டிலேயே வைத்திருங்கள்.

வெளிச்சமும் உட்காரும் இடமும்

டியூப்லைட்டை அணைத்துவிடுங்கள். ஜன்னல் வெளிச்சமும் டியூப்லைட்டும் சேர்ந்து விழும்போது ஒன்று உண்டாக்கும் நிழலை இன்னொன்று அழித்துவிடும், முகம் தட்டையாகிவிடும். ஒரே ஒரு ஜன்னல் வேண்டும். வெயில் நேரே விழாத ஜன்னலாக இருந்தால் இன்னும் நல்லது, அரை மணி நேரத்தில் நிழல் இடம் மாறாது. வெளிச்சம் ஒரு பக்கத்திலிருந்து, கொஞ்சம் மேலிருந்து விழட்டும். மூக்கின் நிழல் மறுபக்கக் கன்னத்தில் சாய்வாக விழுகிறதா என்று பாருங்கள். விழுந்தால் சரியான இடம்.

ஐந்தாறு அடி தள்ளி உட்காருங்கள். மூன்றடிக்கும் கிட்டே போனால், நீங்கள் தலையை லேசாக அசைத்தாலே அந்த முகம் வேறாகிவிடும். உங்கள் கண்ணும் அவர் கண்ணும் ஒரே உயரத்தில் இருக்க வேண்டும். பாட்டி நாற்காலியில், நீங்கள் தரையில் என்றால் மூக்குத் துவாரம்தான் பெரிதாகத் தெரியும். இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்துவிடலாமே.

அட்டையை மடியில் படுக்கவைத்து வரைவது பலருக்கும் உள்ள பழக்கம். படுத்திருக்கும் தாளின் மேல்பகுதி நம் கண்ணுக்குச் சுருங்கித் தெரியும். அதை ஈடுகட்டக் கை தன்னால் நீட்டி வரையும். வரைந்து முடித்து நிமிர்த்திப் பார்த்தால் முகம் நீண்டிருக்கும். அட்டையை முழங்காலில் ஊன்றி, நிமிர்த்திப் பிடியுங்கள். முகமும் தாளும் பக்கத்துப் பக்கத்தில் தெரிய வேண்டும். கண் மட்டும் அங்கேயும் இங்கேயும் போய் வர வேண்டும், கழுத்து திரும்பக் கூடாது.

முதல் படங்களுக்கு முகம் முக்கால் பக்கம் தெரியும்படி லேசாகத் திரும்பியிருப்பது நல்லது. நேர்முகத்தில் மூக்கின் ஏற்றம் தெரியாது, பாஸ்போர்ட் போட்டோவின் விறைப்பும் வந்துவிடும்.

உட்காருகிறவரின் கூச்சம்

வரையப்போகிறேன் என்றதும் தலை வாரி, பவுடர் பூசி, மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்கள். வயதானவர்களிடம் இன்னொன்றும் கேட்க வேண்டியிருக்கும்.

"எம் மூஞ்சில என்னடா இருக்கு வரையறதுக்கு? போயி சின்னப்புள்ளைகள வரை."

"நீங்க பாட்டுக்குப் பூ கட்டுங்க ஆச்சி. நான் இப்படி ஓரமா உக்காந்துக்கிறேன்."

பூ கட்டுவது, கீரை ஆய்வது மாதிரி வேலையில் ஒரு வசதி உண்டு. செய்ததையே திரும்பத் திரும்பச் செய்வதால், தலை அசைந்தாலும் அதே இடத்துக்குத் திரும்பி வரும். அசையாமல் இருங்கள் என்று சொல்லவே வேண்டாம். பேசட்டும், நீங்களும் பேசுங்கள். சிரிக்கச் சொல்லாதீர்கள். அரை மணி நேரம் தாங்கும் சிரிப்பு யாரிடமும் கிடையாது, தாங்கினால் அது வலிக்கும் முகமாகத்தான் இருக்கும். பத்து நிமிடத்தில் அவர் உங்களை மறந்துவிடுவார். அவர் மறந்தபிறகு முகத்தில் வந்து உட்காருவதுதான் நமக்கு வேண்டியது.

முதல் படி: பென்சிலை எடுக்காமல் மூன்று நிமிடம்

ஒரு கல்யாண வீட்டில் இவரை அடையாளம் காட்ட வேண்டுமென்றால் எதைச் சொல்வீர்கள் என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். ஏறிய நெற்றியா, ஒரு பக்கம் இறங்கிய வாயா, உள்ளே போன கண்ணா? ஒன்றே ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். படம் முழுக்க அதற்குத்தான் முதல் மரியாதை. மற்றதில் கொஞ்சம் கூடக்குறைய ஆனாலும் ஜாடை நிற்கும்.

இரண்டாம் படி: தலையின் சாய்வு

தெருக்கோடியில் வருகிறவர் அப்பா என்று கண்ணும் மூக்கும் தெரிவதற்கு முன்பே நமக்குத் தெரிந்துவிடுகிறது. தலை கழுத்தில் உட்கார்ந்திருக்கும் விதம், தோள் இறங்கியிருக்கும் விதம், அவ்வளவுதான் நமக்குத் தேவைப்பட்டிருக்கிறது. ஜாடையின் பாதி அங்கேதான் இருக்கிறது. ஆனால் வரைய உட்கார்ந்ததும் எல்லாரும் கண்ணிலிருந்து ஆரம்பித்துவிடுகிறோம்.

பென்சிலை எழுதுவதுபோல் பிடிக்காமல், உள்ளங்கை கவிழ்ந்த மாதிரி பக்கவாட்டில் பிடியுங்கள். தோளிலிருந்து கையை அசைத்து, தாளைத் தொட்டும் தொடாமலும் ஐந்தாறு கோடுகள்: நெற்றி நடுவிலிருந்து மோவாய்க்கு ஒரு சாய்வு, கண்களைச் சேர்க்கும் குறுக்குக் கோடு, கழுத்தின் இரண்டு பக்கம், தோள்களின் சரிவு. கழுத்து செங்குத்தாக நிற்பதில்லை. பின்னாலிருந்து முன்னால் சாய்ந்து வந்துதான் தலையைத் தாங்குகிறது. வயதானவர்களிடம் இந்தச் சாய்வு இன்னும் அதிகம். இதைச் செங்குத்தாகப் போட்டால் எழுபது வயதுக்காரர் பட்டாளத்துக்காரர் மாதிரி நிமிர்ந்துவிடுவார்.

உச்சியிலிருந்து மோவாய் வரை உங்கள் சாணில் முக்கால் இருந்தால் ஏ4 தாளுக்குச் சரியாக இருக்கும்.

மூன்றாம் படி: அளவு

கையை முழுதாக நீட்டி, முழங்கையை மடக்காமல், ஒரு கண்ணை மூடி, பென்சில் நுனியை உச்சந்தலையில் வையுங்கள். கட்டைவிரலை மோவாய் தெரியும் இடத்துக்கு நகர்த்துங்கள். இதுதான் உங்கள் அளவுகோல். முழங்கை மடங்கினால் அளவு மாறிவிடும்.

பொது அளவுகள் சில உண்டு. கண்கள் தலையின் சரிபாதி உயரத்தில் இருக்கும். நேர்முகத்தில் தலையின் அகலம் ஏறக்குறைய ஐந்து கண் அகலம், இரண்டு கண்ணுக்கும் நடுவே ஒரு கண் அகலம். புருவத்துக்கும் மோவாய்க்கும் நடுவில் மூக்கின் அடி. மூக்கடிக்கும் மோவாய்க்கும் இடையே மூன்றில் ஒரு பங்கு இறங்கினால் உதடுகள் சேரும் கோடு. காது, புருவத்திலிருந்து மூக்கடி வரை. தலை குனிந்தால் காது கண்ணைவிட மேலே ஏறித் தெரியும், அண்ணாந்தால் இறங்கும்.

ஆரம்பத்தில் கண்ணை எல்லாரும் மேலே தூக்கிவைத்துவிடுவார்கள். நெற்றியும் முடியும் நம் கவனத்தில் சிறியவை, தலையில் பெரியவை.

இந்த அளவுகளை முகத்தின் மேல் திணிக்க வேண்டாம், இவற்றிலிருந்து இந்த ஆள் எங்கே விலகுகிறார் என்று தேடுங்கள். குழந்தைக்குக் கண் பாதிக்குக் கீழே இருக்கும். பல் விழுந்த தாத்தாவுக்கு மூக்குக்கும் மோவாய்க்கும் உள்ள தூரம் குறைந்து, மோவாய் மேலே ஏறி வந்திருக்கும். காது மடல் தொங்கி நீண்டிருக்கும். இவருக்கு இவர் முகம் வந்து சேர்வது இந்த விலகல்களில்தான். பென்சிலைத் தொங்கவிட்டுச் செங்குத்தாகவும் பாருங்கள்: கண்ணின் உள்முனைக்கு நேர் கீழே மூக்கின் விளிம்பு வருகிறதா, தள்ளி வருகிறதா? வாயின் ஓரம் கண்மணிக்கு நேரா, உள்ளேயா?

தப்பான கோட்டை அழிக்காதீர்கள். பக்கத்திலேயே சரியான கோட்டைப் போட்டுவிட்டு மேலே போங்கள். அழித்தால் எவ்வளவு தப்பு என்பதும் சேர்ந்து மறைந்துவிடும், அதே தப்பு மறுபடியும் வரும். இரண்டு கோடும் அருகருகே இருந்தால் கண்ணே அளந்துகொள்ளும்.

நான்காம் படி: நிழலின் உருவம்

இந்த வழிகாட்டியில் ஒரு படியை மட்டும்தான் நீங்கள் எடுத்துக்கொள்ள முடியும் என்றால் இதை எடுத்துக்கொள்ளுங்கள்.

கண்ணைப் பாதி மூடிப் பாருங்கள். இமை மயிர் வழியாகப் பார்க்கும்போது சின்னச் சின்ன விவரமெல்லாம் மறைந்து, முகம் இரண்டாகப் பிரியும்: வெளிச்சப் பகுதி, நிழல் பகுதி. நிழல் பகுதிகள் தனித்தனியாக இருக்காது. கண்குழியின் நிழல் மூக்கின் பக்கத்தோடு சேரும், மூக்கடி நிழல் மேலுதட்டில் இறங்கும், கீழுதட்டின் அடிநிழல் தாடை வழியாகக் கழுத்தோடு கலக்கும். ஒரு தேசப்படத்தின் எல்லை வரைவதுபோல் இந்த நிழலின் ஓரத்தை மெல்லிதாக வரையுங்கள். பிறகு பென்சிலின் பக்கவாட்டால், ஒரே திசையில் சாய்கோடுகளாக, உள்ளே முழுக்க ஒரே அடர்த்தியில் நிரப்புங்கள். கூடுதல் கறுப்பு இப்போது வேண்டாம், விரலால் தேய்க்கவும் வேண்டாம். தேய்த்தால் தாளின் சொரசொரப்பு அடைந்து, சாம்பல் பூசியது மாதிரி ஆகிவிடும். விரலின் எண்ணெய்ப் பிசுக்கும் தாளில் ஏறும்.

இது முடிந்ததும் அட்டையைக் கைநீட்டும் தூரத்தில் வைத்துப் பாருங்கள். கண்ணும் இல்லை, வாயும் இல்லை, ஆனாலும் அவர் வந்திருப்பார். வரவில்லை என்றால் கண் இமை வரைந்து ஜாடையைக் கொண்டுவர முடியாது. நிழலின் ஓரத்தை மறுபடியும் பாருங்கள். கன்ன எலும்புக்குக் கீழே அந்த ஓரம் எங்கே திரும்புகிறது என்பதில்தான் பெரும்பாலும் பிழை இருக்கும்.

ஐந்தாம் படி: கண்

பென்சிலை இப்போது எழுதும் பிடிக்கு மாற்றிக்கொள்ளுங்கள். இரண்டு கண்ணையும் சேர்த்தே வளருங்கள். ஒன்றை முழுதாக முடித்துவிட்டு அடுத்ததற்குப் போனால் அவை இரண்டு வேறு ஆட்களின் கண்கள் ஆகிவிடும்.

மேலிமைக் கோடுதான் அடர்த்தி. அதன் நிழல் விழிமேல் விழுவதால் வெள்ளைவிழியின் மேல்பகுதி சாம்பல்தான். அதை வெள்ளைத் தாளாக விட்டால் திடுக்கிட்ட பார்வை வந்துவிடும். கருவிழி முழு வட்டமாகத் தெரியாது, மேலே கொஞ்சம் இமைக்குள் போயிருக்கும். கீழிமைக்கு ஒரு தடிமன் உண்டு, அந்த மெல்லிய விளிம்பில் வெளிச்சம் நிற்கும். அங்கே கோடு போடாமல் விடுங்கள். கண்ணுக்குள் இருக்கும் வெளிச்சப் புள்ளி உங்கள் ஜன்னல். அதற்கு இடம் விட்டுச் சுற்றி அடர்த்தி ஏற்றுங்கள். இமை மயிரை ஒவ்வொன்றாக நட வேண்டாம்.

கண்ணாடி போட்டவர் என்றால் முதலில் கண், அப்புறம் ஃபிரேம். கிட்டப்பார்வைக் கண்ணாடியில் ஒன்றைக் கவனியுங்கள். கண்ணாடி வழியாகத் தெரியும் முகத்தின் ஓரம், வெளியே தெரியும் ஓரத்தைவிட உள்ளே தள்ளியிருக்கும். அந்தச் சின்ன உடைவை வரைந்தாலே அது பவர் கண்ணாடி என்று தெரிந்துவிடும்.

ஆறாம் படி: மூக்கும் வாயும்

மூக்குக்குப் பக்கக் கோடு தேவையில்லை. நிழல் ஏற்கனவே அதை நிமிர்த்தியிருக்கும். அடியும் துவாரத்தின் ஓரமும் போதும். வாயில் உதட்டின் எல்லையைச் சுற்றிக் கோடு போட்டால் லிப்ஸ்டிக் பூசியது மாதிரி ஆகிவிடும். உதடுகள் சேரும் நடுக்கோட்டையும் இரண்டு ஓரத்தின் ஆழத்தையும் மட்டும் வரையுங்கள். அவர் பேசி நிறுத்தும் நொடியில் வாய் தன் இடத்துக்கு வரும், அப்போது பாருங்கள். பல் தெரிந்தால் ஒரே வெள்ளையாக விட்டுவிடுங்கள்.

ஏழாம் படி: முடி, நகை, பொட்டு

முடியை ஒரே திரளாக எடுத்துக்கொள்ளுங்கள். எண்ணெய் தேய்த்துப் படிய வாரிய தலையில் உச்சிக்குக் கீழே ஒரு வெளிச்சப் பட்டை ஓடும். அதை விட்டு மீதியை வாரிய திசையில் நிரப்பினால் போதும். மூக்குத்திக்கு ஒரு புள்ளி அளவு தாளை விட்டு, அதன் அடியில் ஒரு அடர்த்தியான தொடல். பொட்டை எங்கே வைக்கிறீர்கள் என்பது முக்கியம். இரண்டாம் படியில் போட்ட நடுச்சாய்வின் மேல் அது உட்கார வேண்டும். சிலர் உண்மையிலேயே கொஞ்சம் தள்ளித்தான் வைத்திருப்பார்கள், அப்படி இருந்தால் அப்படியே.

பாம்படம் போட்டு வளர்ந்த காது இன்னும் தென்மாவட்டங்களில் சில ஆச்சிகளிடம் இருக்கிறது. நகையைக் கழற்றிவைத்துப் பல வருடம் ஆகியிருந்தாலும் காது வளையம்போல் தொங்கும். அந்த வளையத்தின் உட்பக்கம் தெரியும் கழுத்தின் நிழலை வரையுங்கள், காது தானாக வந்துவிடும். அந்தக் காதை அவசரப்படாமல் வரையுங்கள்.

கறுத்த தோலை வரைவது

பென்சில் ஓவியப் பாடங்கள் பல வெளுத்த தோலை மனதில் வைத்தே எழுதப்பட்டவை. அவற்றை அப்படியே பின்பற்றினால் நம் ஆட்களை வெளுக்கவைத்துவிடுவோம், அல்லது முகம் முழுக்கச் சாம்பல் பூசி ஒளியைக் கொன்றுவிடுவோம். இரண்டும் எனக்குப் பொறுக்காத விஷயம்.

கறுத்த தோலில் வெளிச்சம் பளிச்சென்று, கூர்மையான ஓரத்தோடு நிற்கும். நெற்றி மேடு, கன்ன எலும்பு, மூக்கின் முதுகு, கீழுதட்டின் நடு ஆகிய இடங்களில் அந்த வெளிச்சத்துக்கு ஒரு வடிவம் இருக்கும். முதலில் அந்த வடிவங்களை மெல்லிய கோட்டால் குறித்து, வெள்ளைத் தாளாகவே விடுங்கள். மற்ற எல்லா இடத்திலும் ஒரு நடுத்தர அடர்த்தியை ஏற்றுங்கள். நிழல் பகுதிக்கு அதன் மேல் இன்னொரு அடுக்கு, சாய்கோடுகளின் திசையைக் கொஞ்சம் மாற்றி. முடியும் கருவிழியும் இதைவிட அடர்த்தியாகத் தெரிய வேண்டும். அதற்கு மட்டும் 4பி ஒன்று கையில் இருக்கட்டும். பின்னணியை வெறுமையாக விடாமல் முகத்தின் வெளிச்சப் பக்கத்துக்குப் பின்னால் லேசாகச் சாம்பல் போட்டால், விட்டுவைத்த வெளிச்சங்கள் இன்னும் மின்னும்.

எங்கே நிறுத்துவது

1806 முதல் 1820 வரை ரோமில் இருந்த பிரெஞ்சு ஓவியர் ஆங்கர், நெப்போலியன் வீழ்ந்தபின் அரசு வேலைகள் நின்றுபோக, ஊர் பார்க்க வந்த பயணிகளைப் பென்சிலில் வரைந்து பிழைத்தார். 1819-இல் அவர் வரைந்த வயலின் மேதை பகனினியின் படம் பாரிஸ் லூவ்ர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அந்தப் படங்களில் முகம் மிக நுட்பமாக இருக்கும். உடுத்தியிருக்கும் கோட்டும் கையும் சில கோடுகளில் ஓடிப்போயிருக்கும். வண்ண ஓவியத்தில் ஒவ்வொரு மடிப்பையும் இழைத்து முடித்த மனிதர் அவர். பென்சிலில் வேண்டுமென்றேதான் விட்டிருக்கிறார். எங்கே அவர் கண் நின்றதோ அங்கேதான் நம் கண்ணும் நிற்கிறது.

அரை மணி நேரம் ஆனதும் பென்சிலைக் கீழே வையுங்கள். சேலைத் தலைப்பு, சட்டைக் காலர் எல்லாம் இரண்டிரண்டு கோடு. இப்போது ரப்பரை எடுத்து, வெளிச்சம் மங்கிய இரண்டு மூன்று இடத்தில் மட்டும் ஒற்றி எடுங்கள். தேடிப்பார்த்த பழைய கோடுகள் கிடக்கட்டும்.

ஓரத்தில் பெயர், தேதி, ஊர் எழுதிவையுங்கள். 1514-இல் ஜெர்மன் ஓவியர் ஆல்பிரெக்ட் டியூரர் தன் அம்மாவைக் கரியால் வரைந்து, அவருக்கு 63 வயது என்று அதே தாளில் எழுதினார். அதே வருடம் அம்மா இறந்ததும் அதையும் அதிலேயே சேர்த்து எழுதினார். பெர்லினில் அந்தத் தாள் இருக்கிறது. எலும்பு துருத்திய அந்த முகத்தில் மகன் எதையும் மழுப்பவில்லை.

காட்டுவதும் காப்பதும்

படத்தைப் பார்த்ததும் "இது நானா?" என்பார்கள். மனம் தளர வேண்டாம். அவர் தன் முகத்தைத் தினமும் பார்ப்பது கண்ணாடியில், இடம் வலமாக. நீங்கள் வரைந்தது மற்றவர்கள் பார்க்கும் முகம். வீட்டில் இன்னொருவரிடம் காட்டிக் கேளுங்கள். ஜாடை வந்திருக்கிறதா என்பதை அவர்தான் சொல்ல முடியும்.

கிராஃபைட் கை பட்டால் கலையும். அதைக் கலையாமல் பிடித்துவைக்கும் ஃபிக்ஸேடிவ் ஸ்ப்ரேயை வெளியே காற்றோட்டத்தில், ஒரு அடி தள்ளிப் பிடித்து, மெல்லிதாக இரண்டு தடவை அடியுங்கள். தலைமுடி ஸ்ப்ரே நாளடைவில் தாளை மஞ்சளாக்கும். லேமினேஷன் செய்யவே கூடாது, ஒட்டிய பிளாஸ்டிக்கிலிருந்து தாளைத் திரும்ப எடுக்க வழியில்லை. பிரேம் போடுகிற கடையில், கண்ணாடி தாளைத் தொடாதபடி நடுவே மவுண்ட் அட்டை வைக்கச் சொல்லுங்கள். மழைக்காலத்தில் ஓதம் ஏறும் வெளிச்சுவரில் மாட்டாதீர்கள். பிரேம் போடாதவற்றை, நடுவே பட்டர் பேப்பர் வைத்துப் படுக்கையாக அடுக்கினால் போதும்.

அடுத்த வாரம் அதே ஆளை, முகத்தின் மறுபக்கம் ஜன்னலைப் பார்க்கும்படி உட்காரவைத்து வரையுங்கள். இரண்டு பக்கமும் ஒன்றுபோல் இருக்காது. இந்தப் பக்கம் கண் சின்னதாக இருக்கலாம், வாயோரம் இறங்கியிருக்கலாம். முதல் படத்தை எடுத்து எதிரே வைத்துக்கொள்ளாமல், புதுத் தாளில், முதல் படியிலிருந்து தொடங்குங்கள்.